செவித்திறன் இயல்பு, கவனம் குறைவு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பேருந்து இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஹெலன் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தாள். வெல்டிங் சரியில்லாத சட்டத்தில் சிவப்புச் சாக்பீஸால் கோடு போட்டு ஒதுக்கிவைப்பாள். சாயங்காலம் சூப்பர்வைசர் ஈரத்துணியால் அந்தக் கோடுகளை அழித்துவிட்டு எல்லாவற்றையும் லாரியில் ஏற்றுவார். ஒன்பது வருடமாக இருவரும் ஒருவர் வேலையை மற்றவர் மதித்து நடந்துவந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானங்களில் அவள் நாடகம் போட்டாள். மேடை நாடகம் இல்லை, காதால் கேட்கிற நாடகம். கவரைப்பேட்டையில் அவள் போகும் சர்ச்சுக்குப் பின்னால் பாடகர் குழுவுக்கு ஒரு அறை உண்டு. அதன் ஜன்னலில் பழைய மெத்தையைச் சாத்திவைத்து, இரண்டு செல்போன்களில் பதிவு செய்வார்கள். எழுதுவது ஹெலன். நடிப்பது கம்பெனி கேன்டீனில் வேலை செய்யும் ஜெபா. அதே கம்பெனி வெல்டரான குணா சத்தங்களைப் பார்த்துக்கொள்வான். முறத்தில் அரிசியை உருட்டி மழையும், தகரத்தை உதறி இடியும் அவனால் கொண்டுவர முடியும். படமும் வரைவான்.

நாடகத்தின் பெயர் 'எட்டு விரல்'. பிரஸ் மெஷினில் இரண்டு விரலை இழந்த மணியம்மாள் என்கிற பெண்ணின் கதை. வேலைக்குச் சேரும்போதே அவளுக்கு எட்டு விரல்தான் இருந்தது என்று கம்பெனி எழுதிவிடுகிறது. தனக்குப் பத்து விரல் இருந்ததற்குச் சான்று தேடி அவள் அலைவதுதான் எட்டுப் பகுதிகளும். கல்யாணப் போட்டோவில் கை மாலைக்குள் மறைந்திருக்கிறது. பெரியபாளையம் ஆடித் திருவிழாவில் எடுத்த போட்டோவில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள், எத்தனை விரல் என்று எண்ண முடியவில்லை. கம்பெனி பஸ்களில் ஜனங்கள் ஆளுக்கொரு இயர்போனை மாட்டிக்கொண்டு இதைக் கேட்டார்கள். சிரித்தார்கள். சில இடங்களில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கேட்காதவன் ஒருவன் இருந்தான். ஹெலனின் புருஷன் வரதன். பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சம்மட்டி இயந்திரம் அடித்து உருட்டும் கம்பெனியில், அந்த ஹேமருக்குப் பக்கத்தில் பதினாறு வருடமாக நிற்பவன். காது ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் குருவிச் சத்தம் போயிற்று, அப்புறம் குக்கர் விசில், அப்புறம் ஹெலன். இப்போது அவள் உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வான், மீதியை அவள் எழுதிக் காட்டுவாள். 'எட்டு விரல்' கதையில் முக்கால்வாசி அவன் பார்த்ததும் சொன்னதும்தான்.

ஒருநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவன் செருப்பைக் கழற்றாமலே சொன்னான். காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரல்.

"எல்லாம் சிரிச்சிக்கினு வரானுங்க. எங்கதைக்குத்தான் சிரிக்கிறானுங்க. எந்த எடத்துல சிரிக்கிறானுங்கன்னு எனக்கு மட்டும் தெர்ல, ஹெலனு."

அன்றைக்குத்தான் அவள் புத்தகம் போட முடிவு செய்தாள். நாடகத்தின் வசனம் முழுக்க அச்சில் வரும், குணா படம் வரைவான், சத்தம் வருகிற இடத்தில் அது என்ன சத்தம் என்று எழுதியிருக்கும். கேட்க முடியாதவர்கள் படித்துக்கொள்ளலாம். எழுதி முடித்த பக்கங்களை வரதனிடம் கொடுத்தாள். மூன்றாம் பக்கத்திலேயே நிறுத்திவிட்டான்.

"இன்னாது இது, 'டமால்'? பட்டாசா வெடிக்குது? ஹேமரு எறங்கசொல்ல சத்தம் அப்பாலதான் வரும். மொதல்ல காலு வழியா ஏறும். பல்லு கூசும். அத்த எழுது."

ஹெலன் 'டமால்' எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் வரதனைப் போலக் காது போனவர்கள் எத்தனை பேர் என்று சர்ச்சிலும் பஸ் நிறுத்தத்திலும் விசாரித்து ஒரு பட்டியல் எழுதினாள். நாற்பத்து மூன்று பேர் தேறினார்கள். கலரில் அறுபத்து நாலு பக்கம், நாற்பத்து மூன்று பிரதி. அச்சகத்தில் விசாரித்தபோது அது அவர்கள் மூவராலும் ஆகிற காரியமில்லை என்று தெரிந்தது.

"அக்கா, பேரவையில கேட்டுப் பாக்கலாமா?" என்றான் குணா. "கலை பண்பாட்டுக்குன்னு தனியா வச்சிக்கிறாங்க. போன வருசம் ஒரு ஓனர் பொண்ணு டான்ஸ் ஆடிச்சே, அதுக்கு புக்கு அட்ச்சி குடுத்தாங்க. தடி அட்டையில."

அவன் சொன்னது வடக்கு வட்டாரத் தொழிலதிபர் பேரவையை. தொழிற்பேட்டை முதலாளிகளின் சங்கம் அது. முகப்பில் கண்ணாடி, உள்ளே ஏசி, வாசலில் குனிந்து இரும்பு அடிக்கும் தொழிலாளியின் சிலை ஒன்று. சிலையின் காதில் காதடைப்பான் இருந்தது. அந்தத் தொழிற்பேட்டையில் காதடைப்பான் போட்ட தொழிலாளியை ஹெலன் பார்த்தது அதுவே முதல் தடவை.

கலை பண்பாட்டுப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் மோகன்ராஜ் அவளை உட்காரச் சொன்னார். விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"துணைநூல்னு போட்டிருக்கீங்க. மூலநூல் எங்க?"

"மூலநூல் இல்ல சார். நாடகம். போன்ல கேக்கறது."

"சரி. அதுல மூணு காப்பி வேணும், ஸ்பைரல் பைண்டிங் பண்ணி."

"அது கேக்கறதுக்குதான் சார். பேப்பர்ல இல்ல. பேப்பர்ல வந்தா அதான் இந்த புக்கு."

மோகன்ராஜ் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "மூலம் இல்லாம துணைக்கு ரூல்ல எடமில்லையே மேடம்." பிறகு, அவர் நல்ல மனிதர் என்பதால், வழியும் அவரே சொன்னார். "ஒண்ணு பண்ணுங்க. இந்தத் துணைநூலையே மூலநூல்னு மூணு காப்பி குடுங்க. அதுக்குத் துணைநூலா இதையே இன்னொரு மூணு காப்பி குடுங்க. ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தா கேள்வி வரும்."

ஹெலன் ஆறு காப்பி எடுத்துக்கொண்டு மறுநாள் வந்தாள். அடுத்த கட்டம், பயனாளிகள்.

"காது கேக்காதவங்க சார். நம்ம பேட்டையில வேல பாக்கறவங்க. நாப்பத்து மூணு பேரு."

மோகன்ராஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தலைக்கு மேல் சுவரில் மாட்டியிருந்த கேடயத்தைக் கையால் காட்டினார். 'பணியிடச் செவித்திறன் இழப்பு: பூஜ்யம். தொடர்ந்து பதினோராம் ஆண்டு' என்று அதில் பொறித்திருந்தது. கேடயத்தை வழங்கியதும் பேரவை, பெற்றுக்கொண்டதும் பேரவை.

"எங்க எல்லைக்குள்ள காது கேக்காதவங்க யாரும் கெடையாதும்மா."

"எங்க ஊட்டுக்காரரே கீறாரு சார்."

"எல்லைக்கு வெளிய இருப்பார்."

"வாசல்ல நிக்கிறாரு சார். அதோ, அந்த மரத்தாண்ட."

மோகன்ராஜ் எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வரதன் நின்றுகொண்டிருந்தான். "அது பஞ்சாயத்து ரோடு," என்றார் மோகன்ராஜ். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

இருந்தாலும் விதியில் ஒரு வழி இருந்தது. பேரவையின் மருத்துவ ஆலோசகர் டாக்டர் சுப்பிரமணி பரிசோதித்துச் சான்றளித்தால் பரிசீலிக்கலாம். டாக்டர் எலும்பு முறிவு நிபுணர். காதிலும் சின்னதாக மூன்று எலும்புகள் இருப்பதால் பேரவை அவரையே போதுமென்று வைத்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முகாம். நாற்பத்து மூன்று பேரும் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் வந்து ஹாலில் உட்கார்ந்தார்கள். டாக்டர் திரைக்குப் பின்னால் மேஜை போட்டு உட்கார்ந்து, பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒரு பெயருக்கு மூன்று தடவை. மூன்று தடவையும் ஆள் வரவில்லையென்றால் 'வரவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். டீ வாங்கப் போன ஹெலன் திரும்பி வருவதற்குள் பத்தொன்பது பேர் வராமல் போயிருந்தார்கள். பத்தொன்பது பேரும் திரைக்கு இந்தப் பக்கம் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

மிச்சப் பேரை அவள் தோளைத் தட்டித் தட்டி உள்ளே அனுப்பினாள். ரோலிங் மில்லில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த கலியன் முதலில் போனார்.

"கேக்குதா?" என்றார் டாக்டர்.

"ஆங்?" என்றார் கலியன்.

"பதில் சொல்றார்," என்று டாக்டர் எழுதிக்கொண்டார். இருபத்து மூன்று பேர் இப்படியே பதில் சொன்னார்கள். இருபத்து மூன்று பேருக்கும் காது நன்றாகக் கேட்டது.

வரதன் கடைசி. அவன் 'ஆங்' சொல்கிற ஆளில்லை. டாக்டர் கேட்டதற்கெல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டர் கொஞ்சம் யோசித்து ஒரு சீட்டில் எழுதி நீட்டினார். வெளியே வந்ததும் வரதன் அதைப் படித்தான். 'செவித்திறன் இயல்பு. கவனம் குறைவு.'

பஸ் நிறுத்தம்வரை அவன் வேகமாக நடந்தான். அங்கே வந்ததும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னான்.

"அந்த ஹேமராண்ட பதினாறு வருசம் நின்னும் பத்து வெரலோட கீறேன். எனக்குக் கவனம் கம்மியாம்."

பயனாளிகள் இல்லாததால் கோப்பு முடிக்கப்பட்டது என்று பேரவையிலிருந்து கடிதம் வந்தது. ஹெலன் அந்தக் கடிதத்தைத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு, வழக்கம்போல் கம்பெனிக்குப் போய்ச் சாக்பீஸைக் கையிலெடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து மோகன்ராஜ் போனில் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. உடனே வர வேண்டும், செயலாளரே பேசப் பிரியப்படுகிறார் என்றார்.

பேரவையின் செயலாளர் பூவராகவன் முப்பது வருடம் பல கம்பெனிகளில் பர்சனல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த முப்பது வருடத்தில் அவர் மூன்றே வரியில் கடிதங்கள் எழுதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். எழுதாமல் அடக்கிவைத்த வரிகளெல்லாம் ஓய்வுக்குப் பிறகு ஒட்டுமொத்தமாக வெளியே வந்துகொண்டிருந்தன. அறையில் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் அவர் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"அம்மா, உங்கள் நாடகத்தை நான் கேட்கவில்லை. கேட்காமலேயே உணர்ந்தேன். காது கேளாத தொழிலாளிக்கு ஒரு நூல். இந்தச் சிந்தனை என் மனத்தில் பல ஆண்டுகளாக இருந்தது. நீங்கள் முந்திக்கொண்டீர்கள். பரவாயில்லை."

விஷயம் இதுதான். 'அனைவருக்கும் பண்பாடு' என்று தேசிய அளவில் ஒரு விருது அறிவித்திருந்தார்கள். மாற்றுத்திறனாளித் தொழிலாளர்களுக்காக நூல் வெளியிட்ட அமைப்புகள் விண்ணப்பிக்கலாம். அதனால் ஹெலனின் புத்தகத்தைப் பேரவையே அச்சிடும்.

ஹெலனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம், நூலைத் திருத்தப் பேரவை போட்ட உள்ளடக்கக் குழுவின் முதல் கூட்டம்வரை இருந்தது.

'எட்டு விரல்' என்பது குறையைச் சுட்டும் தலைப்பு என்று குழு கருதியது. 'பத்து விரல்' என்று மாற்றினார்கள். பத்து விரலும் இருந்தால் கதை எதற்கு என்று ஹெலன் கேட்டாள். "அதான் மேடம் பாசிட்டிவ்," என்றார் மோகன்ராஜ். மணியம்மாள் விரலுக்குப் பதிலாக மோதிரத்தைத் தொலைப்பதாகவும், கம்பெனி அதைத் தேடிக் கொடுப்பதாகவும் முடிவாயிற்று. பிரஸ் மெஷினை மோசமாகக் காட்டக் கூடாது என்றார் ஒரு உறுப்பினர், அவருடைய மருமகன் அந்த மெஷினை விற்கிறார். 'சத்தம்' என்கிற சொல் நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் வருவதாக எண்ணி வைத்திருந்தார்கள். அதையெல்லாம் 'இசைவு' என்று மாற்றச் சொன்னார்கள்.

"ஹேமர் இசைவு காலு வழியா ஏறி பல்லு கூசும்னா யாருக்கு சார் புரியும்?" என்றாள் ஹெலன்.

"கூசும் வேணாம் மேடம். சிலிர்க்கும்னு போடுங்க."

வீட்டில் வரதன் தினமும் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான். "புக்கு வந்துச்சா?" அவள் கையை விரிப்பாள். ஒருநாள், "வுட்டுடு ஹெலனு, பேஜாரு வேணாம்," என்றான். அவள் விடவில்லை. ஒரே ஒரு பக்கமாவது அவன் சொன்னபடி அச்சில் வந்துவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

அடுத்த பிரச்சினை எண்ணிக்கை. தேசிய விருதுக்குக் குறைந்தது இருநூறு பயனாளிகள் வேண்டும். நாற்பத்து மூன்று போதாது. அந்த நாற்பத்து மூன்று பேருக்கும் ஏற்கெனவே காது கேட்கிறது என்பது அடுத்த விஷயம். காது கேட்காத தொழிலாளர்களின் பட்டியலை அனுப்பும்படி பேரவை எல்லாக் கம்பெனிகளுக்கும் சுற்றறிக்கை விட்டது. எல்லாக் கம்பெனியிலிருந்தும் ஒரே பதில் வந்தது. பூஜ்யம்.

பூவராகவன் இரண்டாவது சுற்றறிக்கையைத் தம் கையாலேயே எழுதினார். பத்துப் பேருக்கு மேல் பெயர் அனுப்பும் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் படம் நூலில் முழுப் பக்கத்தில், கலரில் வரும். அதற்குக் குறைந்தால் கால் பக்கம், கறுப்பு வெள்ளை.

நாலே நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் வந்து சேர்ந்தன. பெயர், பிரிவு, பணியாண்டு, எந்தக் காது, எவ்வளவு என்று எல்லாம் தெளிவாக இருந்தது. கம்பெனிகள் இந்தக் கணக்கையெல்லாம் இத்தனை வருடம் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தன என்று ஹெலன் வியந்தாள். வரதன் வேலை பார்க்கும் கம்பெனி முப்பத்தொரு பேரை அனுப்பிவிட்டு, தங்களுக்கு இரட்டைப் பக்கம் கிடைக்குமா என்று கேட்டிருந்தது.

மோகன்ராஜுக்கு மட்டும் ஒரு சின்னச் சந்தேகம். "சார், நம்ம ஷீல்டுல பூஜ்யம்னு இருக்கே."

"ஷீல்டு பாதுகாப்புப் பிரிவு. விருது பண்பாட்டுப் பிரிவு," என்றார் பூவராகவன். "ரெண்டு பிரிவும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறதில்லை. அப்படித்தான் இந்தப் பேரவை இத்தனை வருஷம் ஒத்துமையா இருக்கு."

டாக்டர் சுப்பிரமணி இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் செவித்திறன் இழப்பைச் சான்றளித்து ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்தில் நின்ற ஹெலன் கேட்டாள்.

"சார், எங்க ஊட்டுக்காரருக்கு நல்லா கேக்குதுன்னு அப்ப எழுதிக் குடுத்தீங்களே."

டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது வேற ஃபார்ம்மா," என்றார்.

பெரியபாளையம் போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா நடந்தது. பயனாளிகளுக்கு முன்வரிசை ஒதுக்கியிருந்தார்கள். காது கேட்காதவர்கள் என்பதால் அவர்களை நோக்கிக் கூடுதலாக நாலு ஸ்பீக்கர் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. சைகை மொழியில் சொல்ல ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார்கள். மேடையில் நாற்காலி போதாததால் அவளைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டரை மணி நேரம் பேச்சு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் நெஞ்சைத் தடவிக்கொண்டார்கள். ஸ்பீக்கர் அதிர்வு அங்கேதான் போய் இடித்தது.

பூவராகவன் கடைசியில் பேசினார். நூலில் அச்சாகியிருந்த தம் வாழ்த்துரையை அப்படியே மனப்பாடமாகச் சொன்னார்.

"யார் இவர்கள்? பதினாறு ஆண்டு, இருபது ஆண்டு சம்மட்டி இயந்திரங்களின் காலடியில் நின்று, தம் செவிகளையே நம் தொழில்வளத்துக்கு உரமாக இட்டவர்கள். நாம் காதடைப்பான் கொடுக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. கேட்டுப் பெறாத அந்தப் பெருந்தன்மைக்குத் தலை வணங்குகிறேன். நம் லாபத்தின் ஒவ்வொரு துளியிலும் இவர்கள் கேட்காமல் போன ஒரு குருவியின் குரல் இருக்கிறது."

முதலாளிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பலருக்குக் கண் கலங்கியிருந்தது. குருவி விஷயம் ஹெலன் எழுதியது. கையெழுத்துப் பிரதியில் அது ஒன்றுதான் அவருக்குப் பிடித்திருந்தது போலும்.

ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். நல்ல வழவழப்பான தாள், தடி அட்டை. ஹெலன் மண்டபத்து ஓரமாகப் போய் நின்று, பதற்றத்தோடு புரட்டினாள். வாழ்த்துரைகள் முப்பத்தெட்டு பக்கம். நிர்வாக இயக்குநர்களின் படங்கள் பதினேழு பக்கம். பயனாளிகள் பட்டியல் எட்டுப் பக்கம். அறுபத்து நாலில் மிச்சமிருந்தது ஒரு பக்கம். அதில் ஒரு பெரிய கறுப்புக் கட்டம், க்யூஆர் கோடு. கீழே ஒரு வரி: 'முழு நாடகத்தையும் செல்பேசியில் கேட்டு மகிழுங்கள்.'

அவள் மோகன்ராஜைத் தேடிப் பிடித்தாள். "சார், இவங்களுக்குக் காது கேக்காது சார்."

"தெரியும் மேடம்," என்றார் மோகன்ராஜ். "அதனாலதான் அந்த க்யூஆர் கோடை இவ்ளோ பெரிசா போட்டிருக்கோம்."

வீட்டுக்கு வந்து ஹெலன் அழுதாள். அந்த ஆட்களை நம்பி ஆறு மாதம் நடந்த தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. குணாவும் கூட வந்திருந்தான். அவன் வரைந்த நாற்பது படத்தில் ஒன்றுகூட வரவில்லை. வரதன் மட்டும் விளக்குக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தான். காது போன பிறகு அவன் கையில் கிடைத்த எதையும் விடாமல் படிக்கிறவன், பொட்டலம் கட்டின தாள் உட்பட. முப்பத்தெட்டு பக்க வாழ்த்துரையையும் முழுக்கப் படித்த ஒரே ஆள் உலகத்தில் அவன்தான். எழுதினவர்கள்கூட அவரவர் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

"ஹெலனு, அழுவாத. இத்த பாரு." பட்டியல் பக்கத்தை விரித்துக் காட்டினான். "நூத்தி நாலாவது பேரு நான். ஃபோர்ஜிங் செக்‌ஷன், பதினாறு வருசம், ரெண்டு காதும் முழுசா போச்சு. கம்பெனி சீலு கீது. டாக்டர் கையெழுத்து கீது. இங்க பாரு, காதுக்கு ஒண்ணும் குடுக்கலன்னு இந்த செயலாளரு எழுதிக்கிறான், போட்டோ போட்டு, கையெழுத்து போட்டு." புத்தகத்தைத் தட்டினான். "வக்கீலு வச்சிக்கூட இத்த வாங்கியிருக்க முடியாது. இவனுங்க அட்டை போட்டு குடுத்துக்கிறானுங்க."

ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியலைப் படித்தாள். குணா எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

அந்த வாரமே கவரைப்பேட்டை ஜெராக்ஸ் கடையில் அவர்கள் இரண்டு வேலை கொடுத்தார்கள். ஒன்று, 'எட்டு விரல்' கையெழுத்துப் பிரதி, கறுப்பு வெள்ளையில், குணாவின் படங்களோடு, நாற்பத்து மூன்று காப்பி. ஜெபா உட்கார்ந்து எல்லாவற்றையும் நூல் போட்டுத் தைத்தாள். 'இசைவு' எங்கேயும் இல்லை. இன்னொன்று, பேரவை நூலின் பட்டியலையும் வாழ்த்துரையையும் இணைத்து, நஷ்டஈடு கேட்டுத் திருவள்ளூர் தொழிலாளர் துறை அதிகாரிக்கு ஒரு மனு. முதலில் நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். பட்டியல் கைமாறிப் போன இரண்டு மாதத்தில் மீதிப் பேரும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

விசாரணைக்கு வரதனும் கலியனும் ஹெலனும் போனார்கள். அதிகாரி ஒரு பெண்மணி. மேஜையில் அந்த வழவழப்பான புத்தகம் இருந்தது. பேரவை சார்பில் சென்னையிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார், பின்னால் பூவராகவன்.

வக்கீல் கெட்டிக்காரர். சுருக்கமாகச் சொன்னார். "மேடம், இது ஒரு நாடகத்தோட துணைநூல். நாடகம் கற்பனை. கற்பனைக்குத் துணையா வந்ததும் கற்பனைதான். இதை ஆதாரமா எடுத்துக்க முடியாது."

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். "இதுல நாடகம் எங்க இருக்கு?"

வக்கீல் வாங்கித் தேடினார். கறுப்புக் கட்டத்தைக் கண்டுபிடித்து நீட்டினார்.

"இது ஒரு பக்கம். மீதி?"

"மொத்தமும் ஒரே கலைப்படைப்புதான் மேடம்."

"பட்டியல்?"

"கதாபாத்திரங்கள்."

அதிகாரி கதாபாத்திரங்களான வரதனையும் கலியனையும் ஒருமுறை பார்த்தார். "செயலாளர் எழுதினது? காதடைப்பான் குடுக்கலன்னு இருக்கே."

"அதுவும் சும்மா உணர்ச்சிவசப்பட்டு எழுதின கற்பனை மேடம். அலங்காரம். விஷயம் ஒண்ணும் கெடையாது."

இதுவரை பூவராகவன் அமைதியாகத்தான் இருந்தார். 'விஷயம் ஒண்ணும் கெடையாது' என்றதும் அவர் முகம் சிவந்தது. அவருடைய எழுத்தைப் பற்றி அவர் காதுபட யாரும் அப்படிச் சொன்னதில்லை. எழுந்து நின்றார்.

"மன்னிக்கணும். வக்கீல் அவசரப்படுகிறார். அந்த வாழ்த்துரையில் ஒரு சொல்கூடக் கற்பனை கிடையாது. முப்பது ஆண்டு இந்த ஆலைகளுக்குள்ளே நான் கண்ணால் பார்த்தது. 'நாம் கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை' என்கிற அந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று."

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். பூவராகவன் கையைத் தட்டிவிட்டார்.

"முழுசா சொல்றீங்களா?" என்று அதிகாரி மரியாதையாகக் கேட்டார். டைப் அடிக்கிறவருக்குக் கண்ணைக் காட்டினார்.

பூவராகவன் முழுசாகச் சொன்னார். குருவி வரைக்கும் சொன்னார். அச்சில் இடம் போதாமல் விட்டுப்போன இரண்டு பத்திகளையும் சேர்த்துச் சொன்னார். அதில் எந்தெந்தக் கம்பெனியில் எந்த ஆண்டு காதடைப்பான் கேட்டு வந்த மனுக்களை அவரே கிழித்துப் போட்டார் என்பது ஒரு உவமையோடு வந்தது. வக்கீல் ஃபைலை மூடிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் அரசு மருத்துவமனையில் முறையாகப் பரிசோதிக்க அதிகாரி உத்தரவு போட்டார். செயலாளரின் வாக்குமூலத்தை அச்செடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். பூவராகவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக, மெல்ல உதடு அசையப் படித்தார். வக்கீலுக்குக் கடைசியாக ஒரு நம்பிக்கை வந்தது.

"இதில் ஒரு பிழை இருக்கிறது," என்றார் பூவராகவன்.

"சொல்லுங்க."

"பேருக்கு முன்னாடி 'முனைவர்' விட்டுப் போச்சு. போன வாரம்தான் பட்டம் கொடுத்தார்கள்."

அதிகாரி சேர்க்கச் சொன்னார். மறுபடி அச்செடுத்துக் கொடுத்தார்கள். முனைவர் பூவராகவன் எல்லாப் பக்கத்திலும் அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தமக்கு ஒரு நகல் கிடைக்குமா என்று கேட்டார்.

வரதனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆள் எழுந்து நின்று வெகுநேரம் வாயசைத்ததும், வக்கீல் இழுத்ததும், கையெழுத்தானதும் மட்டும்தான் அவன் பார்த்தது. அலுவலகமே திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்டான்.

"இன்னா சொன்னான் இவன்?"

ஹெலன் ஒரு தாளை எடுத்து, நடந்ததை நடந்த வரிசையில், பூவராகவன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளிலேயே எழுதிக் கொடுத்தாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. வரதன் நின்றபடியே இரண்டு தரம் படித்தான். மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"ஒம்போதாவது பகுதியா இத்த போடு," என்றான். "நீ ஒண்ணும் சேக்காத."